ஆலந்தூர் சாக்கடையும் ஆர்.எஸ்.பாரதியும்

ஆர்.எஸ்.பாரதி என்றதும் இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முகத்துக்கு நேரே நீட்டிய பத்துப் பதினைந்து மைக். எதிர்க்கட்சிக்காரர் யார் மேலாவது ஒரு புகார் மனு. இல்லாவிட்டால் ஏதோ ஒரு கூட்டத்தில் ஏடாகூடமாக ஒன்றைப் பேசிவிட்டு, அதற்காக நாலு பக்கமும் கிளம்பிய கண்டனம். தி.மு.க.வின் சட்டத்துறை ஆள், அமைப்புச் செயலாளர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். அவ்வளவுதான்.

ஆனால் இதே ஆளுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது டிவியில் வராது. வரவும் முடியாது. ஏனென்றால் அது பூமிக்கு அடியில் இருக்கிறது! ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் தெருக்களுக்குக் கீழே சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்கள்தான் அது.

இந்தியாவில் நகராட்சி அளவில், தனியார் பங்கேற்போடும், முக்கியமாக ஊர் மக்களே முன்பணம் கட்டியும் நிறைவேறிய முதல் பாதாளச் சாக்கடைத் திட்டம் என்று ஆலந்தூரைச் சொல்வார்கள். உலக வங்கி தொடங்கி பல அமைப்புகள் இதைப் பற்றி ஆய்வு அறிக்கைகள் எழுதியிருக்கின்றன. நகர நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பாடம். நம்ம ஊரிலோ மெட்ரோவில் ஆலந்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது இது தெரியுமா என்பது சந்தேகம்.

ஒரு அரசியல்வாதி செய்த உருப்படியான வேலை மறந்துபோய், அவர் பேசிய பேச்சு மட்டும் ஏன் நிற்கிறது? இதில் தப்பு யாருடையது? அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

லாரி வந்தால்தான் நிம்மதி

தொண்ணூறுகளின் ஆலந்தூரை முதலில் கற்பனை செய்து பாருங்கள். கிண்டி வரைக்கும் சென்னை மாநகராட்சி. கத்திப்பாராவைத் தாண்டினால் தனி நகராட்சி. ஏர்போர்ட் பக்கத்தில், மின்சார ரயில் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில். எனவே நடுத்தரக் குடும்பங்கள் வந்து குவிந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் ஒன்றரை லட்சம் பேர்.

இத்தனை பேர் இருந்த ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. பெரும்பாலான வீடுகளில் செப்டிக் டேங்க்தான். தொட்டி நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லாரி அதை உறிஞ்சிக்கொண்டு போய் ஊர் எல்லைக்கு வெளியே தாழ்வான இடமாகப் பார்த்துக் கொட்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் தொட்டி தானாகவே வழியும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே நாலு அடி இடைவெளி இருக்கும் மனைகளில் குடிக்கிற தண்ணீரின் கதி என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. லாரிக் குழாய் எட்டாத இடத்தில் மனிதன் இறங்குவான். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடை செய்து 1993லும், மறுபடி இன்னும் கடுமையாக 2013லும் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் செப்டிக் டேங்கில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி வராத வருடம் இல்லை. ஆகவே சாக்கடை என்பதை வெறும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சமாச்சாரமாக நினைக்கக் கூடாது. யாருடைய உயிர் மலிவு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

சேர்மன் நாற்காலி

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் என்பது ரொம்ப நாளைக்கு ஆட்சியில் இருப்பவர்கள் மனசு வைத்தால் நடக்கிற ஒரு விசேஷமாகத்தான் இருந்தது. 1986ல் ஒரு முறை நடந்தது. அடுத்தது எப்போது? பத்து வருடம் கழித்து, 1996ல்! நடுவில் அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் வந்து, நகராட்சிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அதுவும் நடந்தது.

1996 தேர்தலில் மேயரையும் சேர்மனையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் மு.க.ஸ்டாலின் மேயர் ஆனார். பக்கத்து ஆலந்தூரில் வழக்கறிஞரான ஆர்.எஸ்.பாரதி சேர்மன். இருவரும் ஒரே கட்சி, ஒரே வருடம். ஆனால் கையில் இருந்த கஜானா வேறு வேறு. சென்னைக்குக் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனியாக ஒரு வாரியமே இருந்தது. ஆலந்தூருக்கு என்ன இருந்தது? வீட்டு வரி, கொஞ்சம் மானியம், நிறைய மனுக்கள்.

நகராட்சி சேர்மன் பதவியைப் பற்றி ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். எம்.எல்.ஏ. "சட்டசபையில் பேசினேன்" என்று தப்பித்துக்கொள்ளலாம். எம்.பி. "டெல்லியில் கேட்டேன், தரவில்லை" என்று சொல்லலாம். சேர்மனுக்கு அந்த வசதி கிடையாது. அவர் வீடு அதே ஊரில். காலையில் காபி குடிக்கும்போதே "ஐயா, எங்க தெருவுல தண்ணி தேங்குது" என்று ஆள் வந்து நிற்பார். அரசியலிலேயே பதில் சொல்லத் தப்ப முடியாத பதவி இதுதான். அதிகாரம் ரொம்பக் குறைவாகவும், அதிகாரிகளின் கை ஓங்கியும் இருக்கிற பதவியும் இதுதான்.

ஐயாயிரம் ரூபாய்

பாதாளச் சாக்கடை போட அரசாங்கத்தைக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கடன் கேட்டால் "எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்?" என்பார்கள். ஆலந்தூர் எடுத்த வழி வித்தியாசமானது. ஊர்க்காரர்களிடமே கேட்டுவிடுவது!

வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட். கடை, வணிக இடங்களுக்கு 10,000. அதற்கு மேல் திட்டம் முடிந்ததும் மாதாமாதம் கட்டணம். தொண்ணூறுகளின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம். அதுவும் எதற்கு? இன்னும் தோண்டவே தோண்டாத ஒரு குழிக்கு!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இலவசமாக எதைக் கொடுக்கலாம் என்று கட்சிகள் போட்டி போடும் மாநிலத்தில், ஒரு அரசியல்வாதி வீடு வீடாகப் போய் "முதலில் ஐயாயிரம் கட்டுங்கள், அப்புறம் சாக்கடை வரும்" என்று சொல்கிறார். அடுத்த தேர்தலில் டெபாசிட் போவது யாருக்கு என்று கட்சிக்காரர்களே கவலைப்பட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

இருந்தும் ஜனங்கள் கட்டினார்கள். ஏன்? முதல் காரணம், முன்கூட்டியே கேட்டார்கள். பாதாளச் சாக்கடை வேண்டுமா, அதற்குப் பணம் தரத் தயாரா என்று வீடுகளில் கணக்கெடுப்பு நடந்தது. பெரும்பாலானோர் வேண்டும் என்றார்கள். இரண்டாவது, குடியிருப்போர் நலச் சங்கங்களை எதிரியாக நினைக்காமல் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். தெருத் தெருவாகப் பிரசாரம் நடந்தது. மூன்றாவது காரணம் ரொம்ப எளிமையானது. லாரிக்கு மறுபடி மறுபடி தண்டம் அழுவதைவிட ஒரே தடவை கட்டித் தொலைப்பது லாபம் என்று குடும்பத் தலைவிகள் போட்ட கணக்கு.

மக்கள் பணம் வந்து விழுந்ததும் மற்ற கதவுகள் திறந்தன. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடமிருந்து கடன், அரசிடமிருந்து மானியம். மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். குழாய் போடும் வேலையும், சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வேலையும் ஐ.வி.ஆர்.சி.எல்., வி.ஏ.டெக் வாபாக் நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணிக்குப் போனது. 2000ல் ஒப்பந்தம்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. தெருவுக்குள் போடும் குழாய்க்கு அளந்து பார்த்து வேலைக்கு ஏற்ற பணம். பெருங்குடியில் கட்டும் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ வேறு ஏற்பாடு: நிறுவனமே தன் காசைப் போட்டுக் கட்ட வேண்டும், சில வருடங்கள் நடத்த வேண்டும், சுத்தம் செய்யும் கழிவுநீரின் அளவுக்கு ஏற்ப நகராட்சி பணம் கொடுக்கும், கடைசியில் நிலையம் நகராட்சிக்கே வந்துவிடும். முதல் கட்டமாக ஒரு நாளைக்கு 1.2 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் அளவுக்கு அது கட்டப்பட்டது. மோசமாகக் கட்டினால் நஷ்டம் கட்டியவனுக்கே. ரோடு போட்ட மூன்றாவது மாதம் பல்லைக் காட்டும் ஊரில் இப்படி ஒரு நிபந்தனை எவ்வளவு புத்திசாலித்தனம்!

ஆட்சி மாறிய வருடம்

2001 மே மாதம் ஆட்சி மாறியது. அ.தி.மு.க. வந்தது. ஆலந்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் அ.தி.மு.க.வின் பா.வளர்மதி ஜெயித்தார். தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறது, சேர்மனோ தி.மு.க.

தமிழ்நாட்டு வழக்கப்படி அடுத்து என்ன நடக்க வேண்டும்? முந்தைய ஆட்சியின் திட்டம் கிடப்பில் போக வேண்டும், விசாரணை வர வேண்டும். அந்த ஜூன் கடைசியில்தான் சென்னை மேம்பால வழக்கில் கருணாநிதியையே நள்ளிரவில் கைது செய்தார்கள். மாநில அரசியல் அந்தச் சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆலந்தூர் சாக்கடை மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று யோசித்தால் ஒரே பதில்தான் தோன்றுகிறது. அதில் மக்கள் பணம் இருந்தது. வீட்டுக்கு ஐயாயிரம் கட்டி ரசீது வைத்திருக்கிறவர்கள் எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்க மாட்டார்கள். அவர்களில் அ.தி.மு.க.காரர்களும் இருப்பார்கள் அல்லவா? அந்தக் குழியை மூடச் சொல்ல எந்த அரசுக்கும் துணிச்சல் வராது. வேலையைத் தொடர விட்டதற்காக அன்றைய அ.தி.மு.க. அரசுக்கும் உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். அதே 2001 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில், எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற பாரதியை ஆலந்தூர் மறுபடியும் சேர்மன் ஆக்கியது. ஐயாயிரம் கேட்டவரை ஊர் தோற்கடிக்கவில்லை!

பணம் கேட்டால் ஓட்டுப் போகும் என்பது அரசியல்வாதிகளின் பயம். எதற்கு என்று சொல்லிக் கேட்டு, கேட்டதைச் செய்து காட்டினால் ஓட்டுப் போகாது என்பதற்கு ஆலந்தூர் சாட்சி.

எல்லாம் சரிதானா?

இல்லை. ஒரேயடியாகப் பாராட்டு மழை பொழிந்தால் இது கட்சி மலர் ஆகிவிடும்.

முதல் குறை. ஊரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அவர்களுக்கு ஐயாயிரம் என்பது மலை. தவணை முறை என்றாலும் மலை மலைதான். குழாய் போட்டு முடித்த பிறகும் எல்லா வீடுகளும் உடனே இணைப்பு எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் வாசல் வரைக்கும் வந்தாலும் வீட்டுக்குள்ளிருந்து அதில் சேர்க்கத் தனிச் செலவு, அதற்கு மேல் மாதக் கட்டணம்.

இரண்டாவது, நியாயம் சார்ந்த ஒரு கேள்வி. கிண்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் முன்பணம் கட்டாமலே காலம் காலமாகச் சாக்கடை வசதியை அனுபவித்தான். இந்தப் பக்கம் இருப்பவன் மட்டும் ஏன் முன்பணம் கட்ட வேண்டும்? ஒரு எல்லைக் கோட்டுக்கு வெளியே வீடு கட்டியது குற்றமா? ஆலந்தூர் முறையைப் பெரிய சாதனையாகக் கொண்டாடும் அறிக்கைகள் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பதில்லை. பணம் உள்ள ஊர் சாக்கடை கட்டிக்கொள்ளும், இல்லாத ஊர் நாறட்டும் என்று அரசாங்கம் கை கழுவ இது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

மூன்றாவது, இது ஒரே ஆள் செய்த வேலை கிடையாது. நிதியத்தின் அதிகாரிகள், நகராட்சிப் பொறியாளர்கள், கூட்டம் கூட்டிய நலச் சங்கத்துப் பெரியவர்கள், பணம் கட்டிய குடும்பங்கள், குழிக்குள் நின்று வேலை செய்த தொழிலாளிகள்... எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் கேட்டால் திட்டுவார்கள் என்று தெரிந்தும் போய்க் கேட்ட வாய் ஒரு அரசியல்வாதியுடையது. அதை மறுக்க முடியாது.

மேலே போகப் போக...

2011 அக்டோபரில் ஆலந்தூர் நகராட்சி என்ற ஒன்றே இல்லாமல் போனது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஆனபோது, ஒன்பது நகராட்சிகள் உட்பட 42 உள்ளாட்சிகள் அதற்குள் கரைந்தன. ஆலந்தூர் சென்னையின் 12வது மண்டலம் ஆனது. கழிவுநீர் வேலை குடிநீர் வாரியத்தின் கைக்குப் போனது. சேர்மன் நாற்காலியே இல்லை.

பாரதியின் பயணம் அதற்குப் பிறகு வேறு திசையில் போனது. கட்சியின் சட்ட வேலைகள். 2016ல் மாநிலங்களவை, 2022 வரை. 2018ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நெடுஞ்சாலை டெண்டர் புகார் கொடுத்தவர் இவர்தான். அந்த அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, 2022ல் அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 2023ல் உயர் நீதிமன்றம் பாரதியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஐந்து வருடத் தலைப்புச் செய்தி, கடைசியில் கையில் ஒன்றும் இல்லை.

பேச்சு விவகாரம் இன்னும் மோசம். 2020 பிப்ரவரியில், பட்டியல் சமூகத்தினர் நீதிபதிகள் ஆனதைத் திராவிட இயக்கம் போட்ட பிச்சை என்ற பொருள்படப் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். மே மாதம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, அன்றே இடைக்கால ஜாமீனில் வந்தார். கைதில் அரசியல் உள்நோக்கம் இருந்தது என்று அவர் கட்சி சொன்னது. இருக்கட்டும். அந்தப் பேச்சு தப்புதான். படித்து, போராடி மேலே வந்தவர்களின் உழைப்பை ஒரே வார்த்தையில் இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிற பேச்சு அது. அதுவும் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தச் சமூகத்தவர்கள் என்பதை ஒரு நகராட்சி சேர்மனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஆள்தான். சேர்மனாக இருந்தபோது எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக் கதவையும் தட்டி "ஐயாயிரம் கட்டுங்க" என்று கேட்க வேண்டியிருந்தது. அங்கே நாக்கை அடக்கித்தான் ஆக வேண்டும். கட்சி மேடையிலோ எதிரே இருப்பவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள். கைதட்டல் கிடைத்தால் போதும். பதவி ஒரு மனிதனை எப்படி மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

பாலம் தெரியும், குழாய் தெரியாது

நம்ம தலைவர்கள் பலரும் நகராட்சியில்தான் அரசியல் பாடம் படித்தார்கள். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். அங்கே குடிநீர்த் திட்டத்துக்காக உழைத்தவர். சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது 1940ல் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் போடப்பட்டது. 1944ல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இன்றும் சென்னை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. ஆனால் சத்தியமூர்த்தி என்றால் பள்ளிப் புத்தகம் சொல்வது அவருடைய பேச்சாற்றலைத்தான்!

ஸ்டாலின் மேயராக இருந்தபோது கட்டிய மேம்பாலங்கள் அவருடைய அரசியலுக்கு எவ்வளவு உதவின என்பது ஊரறிந்தது. பாலத்தில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் விளம்பரம் மாதிரி. குழாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நன்றாக வேலை செய்யும் வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அடைத்துக்கொண்டால்தான் ஞாபகம் வரும், அதுவும் திட்டுவதற்கு.

இதைக் கட்சிகள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன. எந்தக் கட்சியிலும் மேலே போக மேடைப் பேச்சு வேண்டும், வழக்குப் போட வேண்டும், தலைவருக்கு விசுவாசம் வேண்டும். "என் வார்டில் இத்தனை வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு கொடுத்தேன்" என்பதை வைத்து யாராவது சீட்டு வாங்கியிருக்கிறார்களா? பாரதிக்கு டெல்லி கிடைத்தது ஆலந்தூர் குழாய்க்காக என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்சிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் எதைக் கவனிக்கிறார்களோ அதைத்தான் அவர்கள் சப்ளை செய்கிறார்கள்.

தாம்பரத்துக்கு என்ன பாடம்?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். எல்லாம் சேர்த்து 70 வார்டு. 2022ல் முதல் மேயராக வசந்தகுமாரி பதவியேற்றபோது அவருக்கு 25 வயதுதான். இளைஞர்கள் அரசியலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த அநியாயத்தைப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கோர்ட், வார்டு மறுவரையறை என்று தள்ளித் தள்ளி 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலர் கிடையாது, சேர்மன் கிடையாது. 74வது திருத்தம் எதைத் தடுக்க வந்ததோ அதுவே நடந்தது. அந்த ஐந்து வருடத்தில்தான் தெற்குப் புறநகரில் அடுக்குமாடிகள் மளமளவென்று எழுந்தன. தெருவில் தண்ணீர் தேங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஆளே இல்லை!

கழிவுநீரும் குடிநீரும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடும் ஊரில் இது விளையாட்டுக் காரியமில்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி பேதியால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிர்ப்பலியும் ஏற்பட்டது. சாக்கடை கலந்த குடிநீர்தான் காரணம் என்றார்கள் அப்பகுதி மக்கள். அமைச்சர் தா.மோ.அன்பரசன் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். குழாயில் வரும் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத நிலை எத்தனை தெருக்களில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

ஊரைப் பெரிதாக்கினால் பணம் வரும், திட்டம் வரும் என்பது உண்மை. ஆனால் பதில் சொல்கிற ஆள் தூரமாகப் போய்விடுகிறார் என்பதும் உண்மை. ஆலந்தூர் நகராட்சிக்கு மட்டும் 42 வார்டு இருந்தது. சென்னையின் ஆலந்தூர் மண்டலத்துக்கு, முகலிவாக்கம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் எல்லாம் சேர்த்தே 12 வார்டுதான். முன்பு நாலு தெருவுக்கு ஒரு கவுன்சிலர், இப்போது ஒரு சின்ன ஊருக்கு ஒருவர். இன்றைக்கு இன்னொரு ஐயாயிரம் ரூபாய்த் திட்டம் போட்டால் யார் வீடு வீடாகப் போய்க் கேட்பது?

மேயரையும் சேர்மனையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் போய்விட்டது. 2022ல் கவுன்சிலர்கள் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். 1996லும் 2001லும் ஆலந்தூர் சேர்மன் ஊருக்குப் பதில் சொன்னார். கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் முதலில் கட்சிக்குத்தான் பதில் சொல்வார். இதை மாற்றியே ஆக வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தனக்குச் சாதகமான முறையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நேரடித் தேர்தல் என்று ஒருமுறை முடிவு செய்து, அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. வார்டுக் கமிட்டி, ஏரியா சபை என்று இப்போது சட்டப்படியே வந்துவிட்டது. 2022 நவம்பர் 1ஆம் தேதி அன்றைய முதல்வர் ஸ்டாலினே பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். ஆலந்தூரில் நலச் சங்கங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்களே, அதையே சட்டமாக எழுதியது போலத்தான் இது. முதல்வர் வந்தால் கூட்டம் நடக்கும், பந்தல் இருக்கும். அவர் வராத நாளில் நடக்கிறதா என்று பார்ப்பது அந்தத் தெருக்காரர்களின் வேலை.

ஆர்.எஸ்.பாரதியைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அவருடைய கட்சியைப் பிடிக்காதவர்கள் ஏராளம். அவர் பேச்சுக்காக அவரைத் திட்டுகிறவர்களுக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு அரசியல்வாதியின் கணக்கைப் பார்க்கும்போது பேச்சை ஒரு பக்கத்திலும் வேலையை இன்னொரு பக்கத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால், அடுத்த தலைமுறை அரசியல்வாதியும் அந்தப் பக்கத்தை மட்டும்தான் நிரப்புவார்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் கல்லூரியில் படிக்கும் பலருக்கு முதல் ஓட்டு. கும்பிட்டுக்கொண்டே வரும் வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க வீட்டுச் சாக்கடைத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றாலும் பரவாயில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடி வருகிறாரா என்று பாருங்கள். வருகிறவருக்கு ஓட்டுப் போடலாம்.